பாலுக்கு முன்னால் புண்ணாக்கைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போளூர் வட்டத்தில் ஐந்து கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவள் நான். இரண்டு வேளையும் சங்கத்தில் பால் ஊற்றுகிறேன். கொழுப்பு இவ்வளவு, இதரச் சத்து இவ்வளவு என்று கருவி அங்கேயே சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். ஒரு புள்ளி இறங்கினாலும் காசு இறங்கும். அது நியாயம்தான். ஆனால் அந்தப் பாலுக்காக நான் காசு கொடுத்து வாங்கும் புண்ணாக்கில் என்ன இருக்கிறது என்று சொல்ல எந்தச் சீட்டும் கிடையாது.

போன ஐப்பசி அடைமழையில், வழக்கமான கடையில் சரக்கு இல்லாமல் வேறொரு கடையில் மூன்று மூட்டை கடலைப் புண்ணாக்கு வாங்கினேன். கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவு. அந்த நான்கு ரூபாய்தான் கண்ணை மறைத்தது. முதல் மூட்டையில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதைப் பிரித்து ஒரு பாளத்தை உலக்கையால் தட்டியதும் புகைபோலத் தூசி கிளம்பியது. அடுக்குத் தும்மல் வந்தது. மேலே பழுப்பாக, பார்க்க லட்சணமாக இருந்த பாளம். உள்ளே விரிசல் ஓடிய வழியெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. உடைந்த துண்டுகளைப் பிரித்தால் சிலந்தி நூல் மாதிரி இழை இழுபட்டது. நனைந்த சாக்கு வாடை.

பூசணம் தெரிந்த இடத்தைச் சுரண்டி எறிந்தேன். மீதியை வெயில் வந்த அன்று காயவைத்து, ஊறப்போட்டுத் தொட்டியில் கலந்தேன். என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். பத்து நாளில் செவலை தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியது. வேளைக்கு ஆறு லிட்டர் கறந்தது நான்குக்கு வந்தது. சினையாக இருந்த கறுப்பி கன்று வீசிவிட்டது.

கால்நடை மருத்துவர் மாட்டைத் தொடுவதற்கு முன்பே புண்ணாக்கைக் காட்டச் சொன்னார். பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். கன்று வீசியதற்கு வேறு காரணமும் இருக்கலாம், அடித்துச் சொல்ல வேண்டுமானால் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. இங்கிருந்து போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும். மாலைக் கறவைக்கு யார் இருப்பார்கள்? நான் போகவில்லை. ஆகவே என் மாடுகளுக்கு வந்தது புண்ணாக்கால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிறுத்திய சில நாளில் செவலை மறுபடியும் தொட்டியை நக்கத் தொடங்கியது, அவ்வளவுதான் தெரியும்.

பூசணத்தைச் சுரண்டலாம், அது விட்ட நஞ்சைச் சுரண்ட முடியாது என்று மருத்துவர் சொன்னார். அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து, காரணம் தேடியபோது கடைசியில் பிடிபட்டதும் கடலைப் புண்ணாக்குதான், பிரேசிலிலிருந்து போனது. மாடு தின்றால் இந்த நஞ்சு ஈரலில் வடிவம் மாறி, ஒரு சிறு பங்கு பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. நான் சுரண்டிப் போட்ட அந்த நாட்களிலும் கருவி என் பாலுக்குக் கொழுப்பு 4.2 என்று ஒழுங்காகச் சீட்டு கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அதில் 88 தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் வந்தவை. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். விகிதத்தில் கேரளம் நம்மைவிட மோசம் என்று வேண்டுமானால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். கறந்த பாலைவிட, பதப்படுத்தி விற்கும் பாலில்தான் அதிகம் என்றும் ஆணையமே சொன்னது.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் "பாலைச் சோதியுங்கள்" என்கிறார்கள். சோதிக்கட்டும். ஆனால் அதோடு நின்றால், பாலைக் கொட்டிவிட்டு வெறும் கேனோடு வீடு திரும்புபவள் நான். புண்ணாக்கு விற்றவருக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை.

நானும் மானாவாரியில் கடலை போடுகிறவள்தான், ஆகவே சொல்கிறேன். முற்றும் தறுவாயில் மழையில்லாமல் காய்ந்தால் பூஞ்சை நிலத்திலேயே காய்க்குள் போய்விடும். பிடுங்கியதை ஈரத்தோடு குவித்தால் இன்னும் பெருகும். இதெல்லாம் வானத்தின் கையில் பாதி, நம் கையில் பாதி. முழுக்க நம் கையில் இருப்பது, உடைக்கும் இயந்திரத்தில் பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது. எடையும் ஏறுகிறது பாருங்கள், யாருக்கும் விட மனம் வராது. பிறகு சொத்தையும் பூசணமும் பொறுக்கிக் கழிப்பார்கள். கழித்ததை எறிவதில்லை, எண்ணெய் ஆட்டுவதற்குப் போகும். நஞ்சு எண்ணெயில் கொஞ்சம்தான் போகும். பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். மனிதர் வாயில் வைக்கக் கூடாது என்று பொறுக்கியது, மாட்டைச் சுற்றிக்கொண்டு மனிதரின் டம்ளருக்கே வருகிறது.

கலப்புத் தீவனத்தில் இந்த நஞ்சுக்கு இந்தியத் தர நிர்ணயம் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நான் வாங்கிய புண்ணாக்குச் சாக்கில் ஆலையின் பெயர்கூட இல்லை. முன்பு சர்க்கரை வந்த சாக்கு அது. ஆலைப் பெயர், ஆட்டிய தேதி, ஈரப்பதம், நஞ்சின் அளவு இவற்றைச் சாக்கில் அச்சடிக்கச் சட்டம் வேண்டும். தீவனத்தை உடனே பார்த்துச் சொல்லும் சோதனைக் கீற்றுகள் வந்துவிட்டன. பால் ஒன்றியம் அவற்றைச் சங்கங்களுக்குக் கொடுத்தால், ஒரு லோடு இறங்கும்போது பல மூட்டைகளில், பல இடங்களில் குத்தி எடுத்துக் கலந்து பார்க்கலாம். ஒரே இடத்தில் எடுத்தால் தப்பிவிடும். என் முதல் மூட்டைக்கும் இரண்டாவதற்கும் ஒரே விலை, ஒரே கடை.

இப்போது பதினைந்து நாள் சரக்குக்கு மேல் வாங்குவதில்லை. மூட்டைகளைச் சுவரைத் தொடாமல் மரக்கட்டைமேல் அடுக்குகிறேன். மருத்துவர் சொன்ன டாக்சின் பைண்டர் பொடியையும் கலக்கிறேன். கோழிப் பண்ணைக்காரர்களுக்கு அது பழைய சங்கதி. நஞ்சைக் குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும் களிமண் வகை. பொடி இருக்கிறதே என்று பூசணத்தை வைக்கலாம் என்பதல்ல.

மீந்த ஒன்றரை மூட்டையை, ஆட்டுக்குப் போடுகிறேன் என்று பக்கத்துத் தெருக்காரர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. குழி வெட்டிப் புதைத்தோம். விற்ற கடைக்காரர் மூன்றாவது மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார், வேறு ஆளுக்குப் போகும் என்று.

பால் உற்பத்தியாளர் ஒருவர்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.