பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்களுக்காக எங்க ஊர்லயே வாக்காளர் முகாம் போடச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்: ஊர் பொதுமக்கள், பென்னாகரம் தொகுதி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட தேர்தல் அலுவலரும் மாவட்ட ஆட்சியருமான உயர்திரு அவர்கள், தருமபுரி.

பொருள்: வேலைக்கு வெளியூர் போனவங்க பேரு வரைவுப் பட்டியல்ல விட்டுப்போனது, திரும்பச் சேர்க்க ஊர்லயே முகாம் கேட்பது சம்பந்தமா.

ஐயா / அம்மா, வணக்கம்.

2025 டிசம்பர் 19ம் தேதி எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம்) வரைவுப் பட்டியல் வந்ததும் எங்க ஊரு பசங்க செல்லுல ஒவ்வொரு வீடா தேடிப் பாத்தாங்க, எங்க தெருவுல பூட்டிக் கெடக்குற வீட்டுக்காரங்க பேரு முக்காவாசி காணோம். செத்துப்போனவங்க பேரை எடுத்தது சரிதான், அது எடுக்க வேண்டியதுதான். ஆனா இவங்க எல்லாம் உசுரோட இருக்காங்க, பெங்களூர்ல கம்பி கட்டுறாங்க, செண்ட்ரிங் அடிக்கிறாங்க, சித்தாள் வேலை செய்றாங்க, கொஞ்ச பேரு திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்காங்க. "நிரந்தரமா இடம் மாறினவங்க"ன்னு நீக்கினவங்க பட்டியல்ல போட்டிருக்கு. மாநிலம் முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல எடுத்ததுல 66 லட்சம் பேரு இந்த இடம் மாறின கணக்குதான்னு சொல்றாங்க, அதுல எத்தனை பேரு எங்க ஊரு ஆளுங்க மாதிரி கூலிக்குப் போனவங்கன்னு நெனச்சா மனசு பதறுது.

வீடு வீடா கணக்கெடுக்க வந்த பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மாவ நாங்க குறை சொல்ல வரல. அவங்க அங்கன்வாடி வேலையும் பாத்துக்கிட்டு மூணு தடவை வந்தாங்க, வீடு பூட்டியிருந்துச்சு, பக்கத்துல கேட்டா "பெங்களூர் போயிட்டாங்க"ன்னுதான் யாரும் சொல்வாங்க, அதை எழுதிக்கிட்டுப் போனாங்க. ஆனா எங்க ஊர்ல "பெங்களூர் போயிட்டாங்க"ன்னா ஊரைக் காலி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்லீங்க. மழை பேஞ்சா வந்து கேழ்வரகு வெதைப்பாங்க, அறுத்துப் போட்டுட்டு மறுபடியும் பஸ் ஏறுவாங்க. ரேஷன் கார்டு இங்க, புள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க, வயசான அப்பா அம்மா இங்க. அங்க இருக்குறது தகர ஷெட்டு, பில்டிங் முடிஞ்சா அதையும் பிரிச்சுடுவாங்க, அப்புறம் அந்த ஷெட்டு அட்ரசுல எப்படிங்க ஓட்டு சேக்குறது?

சட்டமே எங்க பக்கம்தான் இருக்கு. 1950ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 20ல, ஒருத்தர் தற்காலிகமா வெளியூர் போனாருங்கிற ஒரே காரணத்துக்காக அவரு அந்த ஊருல வசிக்கலன்னு ஆகிடாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு. அதைத்தான் நாங்களும் கேக்குறோம்.

எங்க சின்னம்மா ஒருத்தங்க கதைய மட்டும் சொல்லிடுறேன். 2024 ஏப்ரல் 19 இங்க ஓட்டு, பெங்களூர்ல 26ம் தேதிதான் ஓட்டு, அதனால மேஸ்திரி லீவு குடுக்கல. ரெண்டு நாள் கூலி போனா போகுதுன்னு 18ம் தேதி ராத்திரி கெளம்பி ஓசூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்து, அங்க பஸ் மாறி, விடியக்காலம் தருமபுரி, அங்கிருந்து டவுன் பஸ். ஓட்டர் ஐடிய பாலிதீன் கவர்ல சுத்தி சுருக்குப்பையில வச்சிருந்தாங்க, அது ஓரமெல்லாம் சிமெண்ட் தூசி. ஓட்டு போட்டுட்டு மை காயறதுக்குள்ள மத்தியான பஸ்ஸுக்கு ஓடினாங்க, பழைய சோறு சாப்பிடக்கூட நேரமில்ல. அந்த அம்மா பேருதான் இப்ப "இடம் மாறினவங்க" கணக்குல இருக்கு. போன்ல சொன்னப்ப ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "நான் என்ன செத்தா போயிட்டேன்"னு கேட்டாங்க.

அந்த எலெக்‌ஷன்ல தமிழ்நாடு மொத்தம் 69.72 சதவீதம், மத்திய சென்னை 54ஐக் கூட தொடல, நம்ம தருமபுரி 81ஐத் தாண்டி மாநிலத்துலயே முதல் இடம். 2021 சட்டமன்றத் தேர்தல்ல நம்ம மாவட்டத்துப் பாலக்கோடு தொகுதி 87 சதவீதத்துக்கு மேல. கோட்டூர் மலைக்கு கழுதை மேல மெஷின் ஏத்திட்டுப் போய் ஓட்டு வாங்கின மாவட்டம் இது. இந்த நல்ல பேருக்குப் பின்னாடி ராத்திரி பஸ்ல நின்னுக்கிட்டு வந்த இந்த ஜனங்களும்தான் இருக்காங்க. இப்ப அவங்க பேரை எடுத்துட்டா சதவீதம் இன்னும் ஏறித்தான் காட்டும், ஏன்னா பட்டியல் சுருங்கிடும், ஆனா ஓட்டு போட்ட தலை எண்ணிக்கை குறைஞ்சிருக்கும், அது யாரு கண்ணுக்கும் தெரியாது. இதைக் கண்டிப்பா நீங்க பாக்கணும்.

இன்னொன்னு, இது எந்தக் கட்சிக்காகவும் எழுதின மனு இல்ல. நம்ம மாவட்டம் யாருக்கும் சாசனம் எழுதிக் குடுத்தது கிடையாது. எம்பி தேர்தல்ல 2014ல பாமக, 2019ல திமுக, 2021 சட்டமன்றத் தேர்தல்ல மாவட்டத்துல இருக்குற 5 தொகுதியும் அதிமுக பாமக கூட்டணிக்கு, 2024 எம்பி தேர்தல்ல மறுபடியும் திமுக, அதுவும் 21 ஆயிரம் சொச்சம் ஓட்டுலதான். எங்க வீட்டுலயே அப்பாவுக்கு ஒரு சின்னம், எனக்கு ஒண்ணு, சித்தப்பாவுக்கு வேற. இப்படி மாத்தி மாத்திப் போடுற ஊர்ல ஒரு தெருவு பேரு விட்டுப்போனாலே அவனால போச்சு இவனால போச்சுன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவாங்க, டீக்கடையில இப்பவே அந்தப் பேச்சு ஓடுது.

அதனால நாங்க கேக்குறது இதுதாங்க. 2026 ஜனவரி 14 போகில இருந்து 17 வரைக்கும் எல்லாரும் ஊர்ல இருப்பாங்க, வருஷத்துல அந்த நாலு நாளுதான் எல்லா வீடும் தெறந்திருக்கும். பேரு சேக்கவும் ஆட்சேபணை குடுக்கவும் கடைசி நாளு 18ம் தேதி. மாட்டுப்பொங்கல் அன்னைக்கு காலையிலயாவது எங்க ஊரு பள்ளிக்கூடத்துலயே முகாம் போட்டு பேரு சேக்குற படிவம் 6, உறுதிமொழிப் படிவம் எல்லாம் அங்கயே நிரப்பி வாங்கிக்கணும், லீவு நாளுதான், எங்களுக்குத் தெரியும், வர்ற அலுவலர்களுக்கு சாப்பாடு ஊர்ல நாங்க பாத்துக்குறோம். எழுதத் தெரிஞ்ச பசங்க கூட நிப்பாங்க. அப்புறம் விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பினா ஆளு நேர்ல வர ஒரு நாள் அவகாசம் பத்தாது, ஒரு வாரமாவது முன்னாடி சொல்லணும், முடியாதவங்களுக்கு வீட்டுல இருக்குறவங்க ஆவணத்தோட வந்தா ஏத்துக்கணும். நூறுநாள் வேலை அட்டையும் ரேஷன் கார்டும் எல்லார்கிட்டயும் இருக்கு, இங்கதான் வசிக்கிறோம்னு அதைப் பாத்தாலே தெரியும்.

ஓட்டு நாளுக்கு முந்தின ராத்திரி பெங்களூர், ஓசூர்ல இருந்து பென்னாகரத்துக்கு கூடுதல் பஸ் விட போக்குவரத்துக் கழகத்துக்கும் நீங்க ஒரு வார்த்தை எழுதினா பெரிய உதவி.

மனுவோட விட்டுப்போனவங்க பேரு, பழைய பாகம் எண், வரிசை எண் எல்லாம் எழுதி இணைச்சிருக்கோம். ஊர்ல இருக்குறவங்க கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம் இருக்கு. சின்னம்மா 13ம் தேதி ராத்திரி பஸ் ஏறுறாங்க, அதுக்குள்ள முகாம் உண்டா இல்லையான்னு எங்களுக்குத் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் பொதுமக்கள்