ஜான் சினா தட்டியதில் தப்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

WWE என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியின் நட்சத்திரம் ஜான் சினாவின் கடைசி மேட்ச் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த கடிதத்தைப் படித்தேன். இத்தனை வருடம் 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்று சட்டையில் போட்டுக்கொண்டு வந்தவரைக் கடைசி நாளில் தட்ட வைத்து, அதாவது கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்து, அனுப்பியது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்று அந்த வாசகர் கொதித்திருந்தார். நான் செய்யாறில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள். WWE-இல் கதையைத் தீர்மானிக்கும் டிரிபிள் எச்சைத் திட்டாத ஆள் இல்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. கோபப்பட வேண்டிய இடமே வேறு.

2025 டிசம்பர் 13, வாஷிங்டன். எதிரே குந்தர். தட்ட வைத்தே தீருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்த ஆள். அதே வருடம் ஜூலையில் அட்லாண்டாவில் கோல்ட்பெர்க்கின் கடைசி மேட்சை முடித்ததும் இவர்தான், கழுத்தை இறுக்கும் அதே ஸ்லீப்பர் பிடியில்தான். அந்தப் பிடியிலிருந்து சினா திரும்பத் திரும்பத் திமிறி வெளியே வருகிறார், திரும்பத் திரும்ப மாட்டுகிறார். கடைசித் தடவை கழுத்து இறுகும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு சிரிப்பு வருகிறது. அதற்கு அப்புறம்தான் கை தட்டுகிறது. இருபது வருடத்துக்கு மேல் யாருக்கும் தட்டாதவர், சரி போதும் என்று தானே முடிவு செய்து கிளம்புகிறார். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தால் துரோகம் மாதிரித்தான் தெரியும்.

போகிறவர், இருக்கப் போகிறவரிடம் தோற்றுவிட்டுப் போவது அந்தத் தொழிலில் காலங்காலமாக உள்ள வழக்கம். WWE-இன் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 2008-இல் ரிக் ஃபிளேர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றார். இரண்டு வருடம் கழித்து அதே ஷான் மைக்கேல்ஸ் அண்டர்டேக்கரிடம் தோற்றுவிட்டு விலகினார். சினாவும் 2002 ஜூனில் முதல் மேட்சில் கர்ட் ஆங்கிளிடம் தோற்றுத்தான் உள்ளே வந்தார். எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான் என்பது யாருக்குத் தெரியாது? எப்படி விழுகிறான் என்று பார்க்கத்தானே வெயிலில் போய் நிற்கிறோம். (எல்லாம் முன்பே பேசி வைத்துச் செய்வதுதானே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில்.)

உண்மையில் கேட்க வேண்டியது சினாவின் அந்தக் கடைசி ஒரு வருடத்தைப் பற்றி. 36 நாள் மட்டுமே வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவரை வைத்து என்ன செய்தார்கள்? மார்ச் 1 அன்று டொரண்டோவில் அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கீழே ஒரு அடி விட்டு வில்லனானார். இருபது வருடமாக ரசிகர்கள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத திருப்பம் அது. நானே எழுந்து நின்றுவிட்டேன். அதை வைத்து எத்தனை மாதம் ஓட்டியிருக்கலாம்! கூட நின்று தூண்டிவிட்ட பழைய நட்சத்திரம் ராக், ரெஸில்மேனியா பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவருக்குப் பதில் டிராவிஸ் ஸ்காட் என்ற ராப் பாடகர் ரிங்குக்கு வந்து மெயின் மேட்சைக் குழப்பினார். ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் என்ற இன்னொரு பெரிய நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மைக்கைப் பிடித்துக் கொஞ்சம் பேசியதோடு மறுபடியும் நல்லவர். அவ்வளவுதான், வில்லன் கதை முடிந்தது. செப்டம்பரில் பிராக் லெஸ்னரை விட்டு ஒரேயடியாக அடித்துத் துவைக்க வைத்தார்கள். 2014-லேயே பார்த்துவிட்ட காட்சி. மிச்சம் இருக்கிற நாளே சொற்பம் என்னும்போது அதில் ஒன்றை இதற்கா செலவழிப்பது?

பெர்த்தில் ஏ.ஜே. ஸ்டைல்ஸோடு மோதியது மட்டும் தங்கம். இருவரும் பழைய எதிராளிகளின் அடிகளை எல்லாம் போட்டுக் காட்டி விளையாடினார்கள். அதற்கு அடுத்த மாதம் சொந்த மாநிலத்தில், பாஸ்டனில், அதுவரை கிடைக்காத இன்டர்காண்டினென்டல் பெல்ட் (உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலைப் பட்டம்) கிடைத்தது. சரி, கடைசி வரை அது இடுப்பில் இருக்கட்டும் என்று விட்டார்களா? மூன்று வாரம்கூட ஆகவில்லை, டொமினிக் மிஸ்டீரியோ திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று கத்தியிருக்க வேண்டும் நம்மவர்கள்.

கத்தினால் கேட்காது என்றும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில், ரெஸில்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸோடு மோத இருந்த கோடியின் இடத்தை ராக் எடுத்துக்கொண்டபோது உலகம் முழுக்க ரசிகர்கள் போட்ட சத்தத்தில் ஒரே வாரத்தில் திட்டத்தை மாற்றினார்கள். ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் வைத்திருந்த பெல்ட்டைக் கோடி வாங்கியது அப்படித்தான்.

இன்னொன்று. இப்போது அழுகிறவர்களில் பாதிப் பேர் அன்று சினாவைக் கண்டாலே கூச்சல் போட்டவர்கள். 2006-இல் நியூயார்க்கில் ராப் வான் டாமோடு மோத வந்தபோது, வழக்கம்போல சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தார். திருப்பி எறிந்தார்கள். மறுபடி எறிந்தார், மறுபடி வந்து விழுந்தது. சினா ஜெயித்தால் கலவரம் செய்வோம் என்று ஒரு தட்டியே பிடித்திருந்தார்கள். அத்தனையையும் வாங்கிக்கொண்டு மேட்சை ஆடி முடித்தாரே, அதற்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். பெல்ட் கணக்கெல்லாம் அப்புறம்.

பெல்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. அவர் ஓய்வு பெற்ற செய்தியில் '16 முறை சாம்பியன்' என்று போட்டிருந்தீர்கள். 16 என்பது ரிக் ஃபிளேரோடு சமமாக இருந்த பழைய கணக்கு. 2025 ஏப்ரல் 20 அன்று லாஸ் வேகாஸில் கோடியை வென்றதோடு 17 ஆகிவிட்டது. அந்தச் செய்தியைச் சினிமாப் பக்கத்தில் போட்டிருந்ததைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை. எண்ணை மட்டும் திருத்திப் போடுங்கள். கடைப் பையன்கள் பேப்பரைக் காட்டி என்னோடு வம்புக்கு நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செய்யாறு.