241 சாருக்காக வந்தவர்களுக்கு

ஊத்தங்கரை வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

வியாழக்கிழமை அப்பாவின் அந்தியேட்டி முடிந்தது. இங்கே பெரும்பாலும் 16ஆம் நாளில் காரியம் முடித்துவிடுவீர்கள். இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு 31ஆம் நாள். அதற்கும் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள்.

அப்பாவிடம் புளியமரத்தடியில் உயிரியல் படித்த எல்லோருக்கும் 241 தெரியும். 1971இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ் மாணவருக்கு 250 வேண்டும். (மதிப்பெண்ணை நாங்கள் புள்ளி என்போம்.) அப்பா எடுத்தது 241. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைப் பாடம்போலச் சொல்வார். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் தங்கியிருந்த அறை எரிந்ததை ஒரே வரியில் முடித்துவிடுவார். 241 என்றால் மட்டும் குரல் மாறும். பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்ததில் தவறே இல்லை.

1990இல் மன்னார்ப் பக்கம் பேசாலையில் படகேறி, மண்டபம் வழியாக இந்த அணைக்கரைக்கு வந்தோம். அப்போது இது தருமபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி ஆனது. "நான் அசையவில்லை, மாவட்டம்தான் இடம்பெயர்ந்தது" என்பார்.

இரவு இரண்டு மணிக்கு மாங்காய் ஏற்றும் வண்டியில் அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன தோட்டக்கார அண்ணனுக்கு நன்றி. டீசல் காசுகூட வாங்கவில்லை. பந்தல் போட்ட பழைய மாணவர்களுக்கும், சாம்பல் கரைக்க அனுமன்தீர்த்தம்வரை வந்த ஆட்டோ நிலையத்துத் தம்பிகளுக்கும் நன்றி.

புரோகிதர் ஐயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் முறை அவருக்குப் பழக்கமில்லை. கிளிநொச்சியில் இருக்கும் மாமியைத் தொலைபேசியில் பிடித்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார். மாமி அப்பாவின் தங்கை. எள் எவ்வளவு, எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும், எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். அவருடைய மகன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவன். 2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமியும் உட்கார்ந்தார். அவனுக்கு இன்றுவரை அந்தியேட்டி செய்யவில்லை. செய்தால் இறந்துவிட்டான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்று கடைசியில், "தம்பிக்கும் ஒரு பிண்டம் வைக்கட்டுமா அம்மா?" என்று ஐயா மெதுவாகக் கேட்டார். மாமி வேண்டாம் என்றார். ஐயா மேலே எதுவும் பேசவில்லை. அதற்கும் சேர்த்து அவருக்கு என் நன்றி.

சமையலுக்கு வந்த அண்டாக்களில் இரண்டு எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. அடியில் 'மு.ரா.' என்று வெட்டியிருக்கிறது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்