பெயர்ப் பட்டியலுக்கு வராத பிள்ளைகள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கும், எங்கள் நெல்லை மாவட்டத்துக் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆசிரியை இல்லை. பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும், அப்புறம் நாங்குநேரிப் பக்கத்து வானம் பார்த்த ஊர்களிலும் நாலு பள்ளிக்கூடங்களில் இருந்திருக்கிறேன். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் என்கிற டி.சி., பொதுத்தேர்வு எழுதப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல், பிள்ளைகளின் விவரத்தை ஏற்றும் அரசின் கணினிப் பதிவான எமிஸ் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். எந்தப் பெயர் எந்த வருடம் காணாமல் போனது என்பது பாடம் நடத்தியவர்களைவிடப் பெயர் எழுதியவளுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மே மாதம் ரிசல்ட் வருகிறது. 2025-இல் பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதம், பிளஸ் டூவில் 95.03 சதவீதம் என்று அறிவித்தீர்கள். அன்று பொழுது சாய்வதற்குள் மாவட்ட வாரியாக, பாட வாரியாக, பள்ளி வாரியாகச் சதவீதம் எல்லார் கையிலும் இருக்கும். இது எப்படிப் போடும் கணக்கு என்று வெளியில் நிறையப் பேருக்குத் தெரியாது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்பதுதான் கணக்கு. எழுத வராத பிள்ளை அதில் இல்லை. பெயர்ப் பட்டியலிலேயே ஏறாத பிள்ளை அந்தக் கணக்கின் வாசலுக்கே வரவில்லை. தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்கு வேறு பட்டியல். அவர்கள் தோற்றால் எந்தப் பள்ளிக்கும் இழுக்கு கிடையாது.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் 60 பேர். பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில் 52 பேர். பரீட்சைக்கு வந்தது 50 பேர். ஐம்பது பேரும் பாஸ். பள்ளி வாசலில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் தொங்கும். அறுபதுக்கு ஐம்பது என்று போட்டால் அது 83 சதவீதம்தான். மீதிப் பத்துப் பேருக்கு என்ன ஆனது என்று அந்தச் சதவீதம் கேட்பதில்லை.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரவில்லை என்று தெரிந்தபோது எல்லாரும் பதறினார்கள். கொரோனா காலத்தில் பரீட்சை இல்லாமலே பத்தாவது தேறி, பிளஸ் ஒன்னில் பெயரைப் பதிந்துவிட்டு, அதோடு நின்றுபோனவர்கள் அதில் நிறைய. அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் விட்டதால்தான் அந்த எண்ணிக்கை வெளியே வந்தது. எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் அனுபவத்தில் பெரும்பாலும் பெயர் முன்கூட்டியே போய்விடும்.

எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்திவைப்பது இல்லை. அது நல்லது, அப்படியே இருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாவதில் சல்லடை வைத்துவிடுகிறார்கள். அரையாண்டு மார்க் பட்டியல் வந்ததுமே சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி விழும். அப்புறம் அந்தப் பிள்ளையின் வீட்டில் யாரையாவது கூட்டி வரச் சொல்வார்கள்.

ஒரு வருடம் மே மாதக் கடைசி. நான் அப்போது வேலை பார்த்த பள்ளிக்கு, ஒன்பதாவது முடித்த பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அவன் ஆச்சி வந்தாள். அப்பா இல்லை. அம்மா திருப்பூர்ப் பக்கம் மில்லில். ஆச்சிதான் பீடி சுற்றிப் பேரனை வளர்த்தாள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் காவி ஏறிக் கிடந்தது. அவளை என் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, ‘என் பேரனின் மாற்றுச் சான்றிதழை என் சொந்த விருப்பத்தின் பேரில் பெற்றுக்கொள்கிறேன்’ என்று வெள்ளைத் தாளில் நான்தான் எழுதினேன். மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தியதும் நான்தான். பெருவிரலை மையில் தொட்டவள், தாளில் வைக்காமல் என்னைப் பார்த்தாள். “பெயிலானாலும் பரவாயில்ல தாயி, அவன் பேர மட்டும் எடுத்துராதிய” என்றாள்.

தாளை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே டி.சி. போனது. அந்த வருடம் அதே வாசகத்தை ஏழு தாளில் எழுதினேன். ஏழும் என் கையெழுத்து. விருப்பம் மட்டும் அவர்களுடையது என்று தாள் சொல்லும்.

தலைமையாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் பிள்ளைகளை நிற்கவைக்கக்கூட மனசு வராதவர். ஆனால் ரிசல்ட் வந்த மறுவாரம் மீளாய்வுக் கூட்டம் இருக்கும். சதவீதம் குறைந்த பள்ளிகளை வரிசையாக எழுப்பிவிட்டு, எல்லார் முன்னாலும் காரணம் கேட்பார்கள். சில பாட ஆசிரியர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். நூறு சதவீதம் வாங்கியவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ், மேடை. ஒன்பதாவதிலிருந்து எத்தனை பேரைப் பத்தாவதுக்குக் கொண்டு வந்தீர்கள் என்று எந்தக் கூட்டத்திலும் கேட்டதாக அவர் வந்து சொன்னதில்லை. கேட்காத கணக்கை யார் காப்பாற்றுவார்கள்?

மற்ற கணக்குகளை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன்னால் முகப்புத் தாள்கள் வரும். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் போட்டோ, பதிவெண், பாடம் எல்லாம் அச்சாகி இருக்கும். அதை விடைத்தாளோடு வைத்துத் தைக்க வேண்டும். தையற்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிடுவார். ஒரு ஆசிரியை எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் வாங்கி அடுக்க, நான் எண்ணிக் கட்டுவேன். ஒரு தையல் கோணினாலும் பிரித்துத் திரும்பத் தைப்போம். வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்தில் போலீஸ் காவல். காலையில் வழித்தட அலுவலர் சீல் உடையாத கட்டைக் கொண்டு வருவார். 10 மணிக்கு வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், 10.15-க்கு எழுதத் தொடங்கினால் 1.15-க்கு மணி. நடுவில் பறக்கும் படை வரும். எழுதிய தாளை எண்ணி, வராதவர் எண்ணிக்கையோடு கூட்டி, நாமினல் ரோலோடு ஒத்துவந்தால்தான் கட்டு நகரும். ஒரே ஒரு தாள் குறைந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

பிள்ளை குறைந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

பட்டியலில் நிலைத்த பிள்ளைகளுக்கும் இந்தச் சதவீதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஜனவரி பிறந்தால் மெல்லக் கற்போர் என்று ஒரு கூட்டத்தைப் பிரித்து, பாஸாகத் தேவையானதை மட்டும் தொகுத்த மினிமம் மெட்டீரியலை ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். கணக்குப் பாடத்தில் வரைபடத்துக்கு 8, வடிவியலுக்கு 8, ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 14. மொத்தம் 30. இன்னும் 5 தேற்றினால் 35, பாஸ். தொடுகோடு எதற்கு வரைகிறோம் என்று தெரியாமலே அழகாக வரைகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. பாஸானது நல்லதுதான், அந்தச் சான்றிதழால் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பிழைத்தவர்களை நான் அறிவேன். ஆனால் அடுத்த வருடம் பிளஸ் ஒன் வகுப்பில் அதே பிள்ளை முழி பிதுங்கி உட்கார்ந்திருக்கும்போது அந்த 35-க்கு யாரும் பொறுப்பு எடுப்பதில்லை.

மாவட்டங்களை வரிசைப்படுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் பக்கம் பெய்த மழையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து புத்தகமும் நோட்டும் போனது. அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தீர்கள். சரி. ஆனால் மே மாதம் வந்த மாவட்டப் பட்டியலில் வெள்ளத்தில் நின்ற மாவட்டமும் வெயிலில் நின்ற மாவட்டமும் ஒரே வரிசைதான்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. புதிதாக எந்தத் தேர்வும் வேண்டாம், ஆசிரியர்களுக்கு இன்னொரு பதிவும் வேண்டாம். தேவையானது எல்லாம் எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். டி.சி. கொடுத்ததும் அந்த எண் பள்ளியை விட்டு, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்குப் போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். யாரும் எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். ஆகவே ரிசல்ட் அன்று, எழுதியவர்களில் தேறியவர் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு வருடம் முன்னால் ஒன்பதாவதில் இருந்தவர்களில் தேறியவர் சதவீதத்தையும் போடுங்கள். வேறு பள்ளிக்குப் போனவர்களைக் கழித்துவிடுங்கள், அது நியாயம். காமன் பூலிலேயே கிடப்பவர்களைக் கழிக்காதீர்கள். அந்தப் பெயர்கள் கடைசியாக இருந்த பள்ளியின் கணக்கிலேயே நிற்கட்டும். தனியார் பள்ளிக்கும் இதே கணக்குதான். அங்கே கழித்துவிட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சதவீதம் குறைந்ததற்காக மெமோ வாங்குகிற அரசுப் பள்ளிகளை எனக்குத் தெரியும். இந்தக் கணக்கு வந்தால் அவர்கள் தலை நிமிர்வார்கள்.

இப்போது 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு வைக்கிறீர்கள். பாஸ், பெயில் இல்லாத தேர்வு என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை ஒன்பதாவதில் புள்ளி விழும் பிள்ளையாக மாறுவதற்கு முன்னாலேயே அது காட்டிக் கொடுக்கும். அதையும் மாவட்ட வரிசையாக்கி மீளாய்வுக் கூட்டத்தில் படித்துவிடாதீர்கள். படித்தால் அதற்கும் ஒரு மெட்டீரியல் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் சீமைக்கு அது வலிக்கிற இடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து சாதி வெறியில் வெட்டினார்கள். அதற்கு முன்னால் அவன் சில நாள் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறான். அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கையும் வாங்கியது. வருகைப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு ஆப்சென்ட்டுக்கும் பின்னால் பீடி இலையோ, பயமோ, அம்மாவின் காய்ச்சலோ இருக்கும். வராத பிள்ளையை எண்ணத் தொடங்கினால்தான் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் வருவார்கள்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2017-இல் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினீர்கள்; ஊரே ஆச்சரியப்பட்டது, இன்று அது பழகிவிட்டது. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றீர்கள். 2025-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்தீர்கள். இது அவற்றைவிடச் சின்ன வேலை.

அந்த ஆச்சியின் பேரனை நாலு வருடம் கழித்து முக்கூடல் பஜாரில் பார்த்தேன். சென்னையில் மளிகைக் கடையில் வேலை, கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தான். ஆச்சி எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். “நல்லாருக்கா மேடம். என் டி.சி.ய இன்னும் டிரங்குப் பெட்டியில வச்சிருக்கா. எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது கேப்பாங்கங்கா” என்றான். யாரும் கேட்கவில்லை. அவன் எண் இன்னும் காமன் பூலில்தான் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி அலுவலகப் பணியாளர் ஒருத்தி,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.