நனைந்த வைக்கோல்

ஷெஃபீல்டு,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. "எங்களை மறந்துவிட்டாயா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று சோறு இறங்கவில்லை. மறக்கவில்லை அம்மா.

குளிர் பழகிவிட்டது. அரிசி, புளி எல்லாம் கிடைக்கிறது. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, ஓய்வு நிறைய. அந்த ஓய்வில்தான் வில்வித்தை பழகுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் யாரிடமும் பேசமாட்டார். வாசலில் உட்கார்ந்து வான்கோழி இறகை வெட்டி அம்புக்கு ஒட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் நின்று பார்த்தேன், "எங்கள் வில்வித்தை கிளப்புக்கு வருகிறாயா?" என்றார். 1363-ல் இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாளில் ஆண்கள் வில் பழக வேண்டும் என்று ஆணை போட்டாராம். நேற்றுப் போட்டதுபோலச் சொல்வார்.

முதல் மாதம் நாண் பட்டு இடது முன்னங்கை கன்றிப்போனது. அம்பை விட்டதும் எங்கே போகிறதென்று பார்க்க வில் பிடித்த கையைத் தாழ்த்திவிடுவேன், அம்பும் கீழே போய்விடும். "அம்பு தைக்கும் சத்தம் கேட்கும்வரை கையை அசைக்காதே" என்றார் பெரியவர். அதிலிருந்துதான் கை நின்றது. 20 கஜ தூரத்தில் 36 அம்பு, நடு மஞ்சளில் பட்டால் 9. மொத்தம் 252 எடுத்தால் வெள்ளை பேட்ஜ். ஏப்ரலில் 160 எடுத்தேன், போன சனிக்கிழமை 256! பேட்ஜை உன் போட்டோ பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது காட்டுக்குள்ளும் கூட்டிப்போகிறார்கள். மரங்களுக்கு நடுவே 24 இலக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று அம்பு, எய்துகொண்டே நடக்க வேண்டும். சில இடத்தில் தூரம் சொல்லமாட்டார்கள், கண்ணாலேயே அளக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எய்தால் கொஞ்சம் தாழ்த்திக் குறிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலக்குக்கு மேலே பறந்து சருகில் புதைந்துவிடும். ஒரு அம்பையும் தேடாமல் நான் விட்டு வருவதில்லை. வில்லைக் கிளப்பிலேயே தருகிறார்கள், சொந்தமாக வாங்க இப்போது அவசரமில்லை.

போன வாரம் நல்ல மழை. மைதானத்தில் இலக்கு, வைக்கோலை இறுக்கிச் செய்தது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு மறுகையால் அம்பைப் பிடுங்கும்போது நனைந்த வைக்கோல் வாசனை வந்தது. ஐப்பசி மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் போரில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்குவாயே, அதே வாசனை. கையை எடுக்க மனம் வரவில்லை. பெரியவர் என்னவென்று கேட்டார். அம்பு சிக்கிக்கொண்டது என்றேன்.

அம்மா, இந்தப் பொங்கலுக்கும் வர முடியாது. அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

சரி, வடக்கு வயல் விஷயம். சின்ன மாமா கேட்கிறார் என்று மூன்று வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்துவிடாதே. ஒரு போகம் பார்ப்போம். தங்கை வளைகாப்புக்குப் பணம் வழக்கமான தேதியில் வராது, இருபதாம் தேதிக்குள் போட்டுவிடுகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். பட்டாவில் இன்னும் பாட்டி பெயர்தான் இருக்கிறதா? தம்பியைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிக் கேட்டு எழுதச் சொல். மேலவீட்டு அத்தைக்கு இருமல் நின்றதா என்றும் எழுது.

உன் மூத்தவன்