கேட்பதைவிடக் குறித்துவைப்பதுதான் அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் மூன்று டிக் விழுந்து அதில் ஒன்று சிவப்பாக இருந்தால் அரசாங்கம் பார்த்துவிட்டது என்று அர்த்தமாம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக் குழுக்களில் இந்த பார்வர்டு சுற்றிச் சுற்றி வருகிறது. கூடவே இன்னொன்று: *#21# போட்டுப் பார்த்தால் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று தெரிந்துவிடுமாம். இரண்டும் பொய். வாட்ஸ்அப்பில் மூன்றாவது டிக்கே கிடையாது. *#21# காட்டுவது, உங்களுக்கு வரும் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான். மோசடிக்காரன் எவனாவது திருப்பிவிட்டிருந்தால் ##002# போட்டு எல்லாவற்றையும் நீக்கலாம். அந்த அளவுக்கு அது உபயோகம். அரசு முறைப்படி ஒட்டுக்கேட்பது செல்போன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் பக்கம் நடக்கும் வேலை. கையில் இருக்கும் செட்டில் ஓர் அடையாளமும் தெரியாது. பேட்டரி சூடாகாது, கரகரக்காது. கரகரத்தால் டவர் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பேச்சைக் கேட்கிறார்களோ என்ற பயத்தைத் தாண்டி நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை என்பதால் இதை எழுதுகிறோம். பேச்சைக் கேட்பதற்காவது சட்டத்தில் ஒரு வேலி உண்டு, ஓட்டை வேலி என்றாலும். யார், யாரோடு, எப்போது, எத்தனை நொடி, எந்த டவருக்குக் கீழே என்று குறித்துவைக்கும் கணக்குக்கு அந்த வேலியும் இல்லை. அந்தக் கணக்கு தப்பாகப் போவதற்கு நம் கடற்கரையைப் போல் தோதான இடம் கிடைப்பதும் அரிது.

முதலில் வேலியைச் சொல்லிவிடுகிறோம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் நெடுங்காலம் ஆதாரம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலாளரின் எழுத்து ஆணை, காலக்கெடு, மறுஆய்வுக் குழு என்று கட்டுப்பாடுகள் விதித்தது. இப்போது அந்த இடத்தில் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவும் 2024 டிசம்பர் விதிகளும் இருக்கின்றன. ஓர் ஆணைக்கு 60 நாள் ஆயுள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. அவசரம் என்று ஐ.ஜி. அந்தஸ்து அதிகாரி உத்தரவிட்டால், 7 வேலை நாளுக்குள் உள்துறைச் செயலாளர் ஒப்புதல் தரவேண்டும். தராவிட்டால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி ஆணைகளைச் சரிபார்க்க வேண்டும்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 2014இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் போட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்கவேண்டிய நிலையை தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மத்திய அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. எட்டு மணி நேரம் டீ குடிக்காமல் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு நொடிகூட வராது. ஏலக்கூடையில் இறாலைத் தரம் பிரிக்கவே அதைவிட நேரம் ஆகும்.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ரகசியமாகக் கேட்பது ‘பொது அவசர நிலை’, ‘பொதுமக்கள் பாதுகாப்பு’ என்ற இரண்டில் எதிலும் அடங்காது என்றார். கேட்டுப் பதிந்தவை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. வேலி இருந்தால்தானே அதைத் தாண்டியவரைக் கேள்வி கேட்க முடியும்?

இனி சி.டி.ஆர்., அதாவது அழைப்புப் பதிவு. இதில் பேச்சு இருக்காது. அழைத்த எண், எடுத்த எண், தேதி, நேரம், நீளம், செட்டின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., சிம்மின் அடையாள எண்ணான ஐ.எம்.எஸ்.ஐ., பேச்சு தொடங்கியபோதும் முடிந்தபோதும் எந்த செல் ஐ.டி. என்ற விவரங்கள் இருக்கும். கம்பெனிகள் இதை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும்; 2021 டிசம்பருக்கு முன் ஓராண்டுதான். இதைக் கேட்டு வாங்க உள்துறைச் செயலாளர் கையெழுத்து வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி காவல் நிலையப் பொறுப்பதிகாரி எழுதிக் கேட்டாலே சட்டத்துக்குப் போதும், நடைமுறையில் எஸ்.பி. அலுவலகம் வழியே போகிறது. மறுஆய்வுக் குழு கிடையாது. உங்கள் பதிவை எடுத்தோம் என்று பிறகாவது சொல்லும் வழக்கமும் கிடையாது. 2013இல் அருண் ஜேட்லி மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவருடைய அழைப்புப் பதிவையே கள்ளத்தனமாக எடுக்கப்பார்த்த வழக்கில், டெல்லி போலீஸ்காரர் ஒருவர் கைதானார். அவருக்கே அந்தக் கதி என்றால் சாதாரண ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பதிவு கடலோரத்தில் எப்படிப் பொய் சொல்லும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வக்கீல்களில் பலரும் இதைக் கேட்பதில்லை.

செல் ஐ.டி. சொல்வது டவர் எங்கே நிற்கிறது என்பதை. ஆள் எங்கே என்பதை அல்ல. ஒரு டவரில் வழக்கமாக மூன்று முகம், அதாவது மூன்று பக்கம் பார்க்கும் ஆன்டெனா, ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரிக்குப் பார்க்கும். மதுரை டவுனுக்குள் கட்டடம் மறைப்பதால் ஒரு முகத்தின் வீச்சு சில நூறு மீட்டரில் அடங்கிவிடும். கடலைப் பார்க்கும் முகத்துக்கு மறைப்பே இல்லை. பழைய 2ஜி கணக்கிலேயே ஒரு செல் 35 கிலோமீட்டர் வரை எட்டும். மண்டபத்து டவரில் பதிவான போன் மண்டபம் பஸ் ஸ்டாண்டிலும் இருக்கலாம், பல மைல் வெளியே வலை இழுக்கும் விசைப்படகிலும் இருக்கலாம். பதிவை வரைபடத்தில் ஏற்றும் மென்பொருள் டவர் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும். அதைப் பார்ப்பவர் ஆள் கரையில் இருந்தான் என்று எழுதிவிடுவார். அந்த முகம் எத்தனை டிகிரிக்குத் திரும்பியிருக்கிறது என்ற எண் தனியாகக் கம்பெனியின் டவர் பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் வெறும் செல் முகவரியை வைத்து ‘சம்பவ இடத்தில் இருந்தார்’ என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கடலில் கல் எறிவது போல்.

அடுத்தது பாம்பன் கால்வாய். பாலத்தின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். இந்தக் கரையில் நிற்பவனின் போன் அந்தக் கரை டவரைப் பிடிப்பது சர்வசாதாரணம். எந்த டவர் அந்த நொடியில் பலமோ, எதில் கூட்டம் குறைவோ அதில் போய் ஒட்டும். அதனால் 8.10க்கு மண்டபம், 8.12க்கு பாம்பன், 8.15க்கு மறுபடி மண்டபம் என்று பதிவு வரும். திண்ணையைவிட்டு எழுந்திருக்காத ஆள் பாலத்தை மூன்று தடவை கடந்ததாகக் காகிதம் சொல்லும்.

மூன்றாவது தனுஷ்கோடி. அதன் கடைக்கோடியான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இலங்கை டி.வி.யான ரூபவாகினி நம் வீட்டு ஆன்டெனாவில் விழுந்தது இதே தண்ணீரைத் தாண்டித்தான். சர்வதேச ரோமிங் திறந்திருக்கும் சிம் என்றால், அங்கே அக்கரை டவரைப் பிடித்து இலங்கை கம்பெனியின் பெயரில் பதிவு ஏறும். ஆள் மணலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்களுக்கும், அக்கரையில் சொந்தம் இருப்பவர்களுக்கும் இப்படி ஒரு வரி பதிவில் ஏறினால் எத்தனை விசாரணைக்குப் போய்வர வேண்டியிருக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம்.

டவர் டம்ப் இதைவிட மோசம். குறிப்பிட்ட நேரத்தில் ஒரு டவருக்குக் கீழே இருந்த எல்லா எண்களையும் மொத்தமாக அள்ளுவது அது. கடல் அட்டையோ கஞ்சாவோ பிடிபட்ட இரவுக்கு டம்ப் எடுத்தால், கடலைப் பார்க்கும் முகத்தில் அன்று தொழிலுக்குப் போன படகுகள் அத்தனையும் சிக்கும். திங்கள், புதன், சனி விசைப்படகு நாள் என்றால் கேட்கவே வேண்டாம். தேடும் ஆள் ஒருவராக இருக்க, ஆயிரக்கணக்கான எண்கள் ஒரு பென் டிரைவில் போய்விடும். சம்பந்தமில்லாத எண்களை எப்போது அழிக்க வேண்டும் என்று சொல்ல விதி இல்லை. இழுவலையில் அகப்பட்ட குஞ்சு மீனையாவது கடலிலேயே கொட்டிவிடுவார்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு சி.டி.ஆரில் வராது என்பது சரி. ஆனால் ஐ.பி.டி.ஆர். என்று இன்னொரு பதிவு உண்டு. எந்த நேரத்தில் எந்த ஐ.பி. முகவரியோடு எவ்வளவு டேட்டா போய்வந்தது என்பதை அது சொல்லும். மொபைல் நெட்டில் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் பகிர்கிறார்கள். அவர்களைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் ஐ.பி.யை மட்டும் கொடுத்து ‘இது யார்’ என்று கேட்டால், தெருவைச் சொல்லிக் கதவு எண்ணைச் சொல்லாத கதைதான். வெளிநாட்டு கம்பெனி தரும் பதிவில் நேரம் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் விடியற்காலை 5.10க்கு அனுப்பிய செய்தி முந்தைய நாள் இரவு 11.40 ஆகிவிடும், ஆளும் மாறிவிடும்.

படகில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டைப் பற்றி ஒரு வரி: அது ரகசியமே இல்லை. 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், செட் வைத்திருக்கும் எவருக்கும் கேட்கும், அக்கரை நேவி உட்பட. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் வந்த, படகின் இருப்பிடத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் உயிர் காக்கும் கருவி, அதைக் கழற்றி வைப்பது மடத்தனம். ஆனால் புயல் எச்சரிக்கைக்கென்று தொடங்கிய அந்த இருப்பிடப் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்பதை மீன்வளத்துறை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் படகு உரிமையாளருக்குத் தரலாம். பெரிய செலவில்லை. தவறான சி.டி.ஆர். புள்ளியை மறுக்கவும் அந்தப் பதிவுதான், கடலுக்குப் போகும்முன் வாங்கும் டோக்கனோடு சேர்ந்து, உருப்படியான சாட்சி.

“நேவி நிக்கிது, வடக்க வராதீங்க” என்று குழுவில் போடும் வாய்ஸ் மெசேஜ் வழியில் மறையாக்கப்பட்டு, அதாவது வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு போட்டுத்தான் போகிறது. கம்பெனிக்காரனே கேட்க முடியாது. ஆனால் குழுவில் இருக்கும் முந்நூறு போனில் ஒன்று திறந்து கிடந்தாலும் முடிந்தது. கூகுள் டிரைவ் பேக்கப்பை மறையாக்கம் செய்யாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். வாட்ஸ்அப் அமைப்புகளில் சாட், பிறகு சாட் பேக்கப், அதற்குள் முழு மறையாக்க பேக்கப் என்று போய் இயக்க வேண்டும். அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் போனது போனதுதான். வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். லிங்க்டு டிவைசஸ் பகுதியில் தெரியாத கணினி எதுவும் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது அதைவிட முக்கியம். நாங்கள் அறிந்தவரை பேச்சு வெளியே போவதற்குப் பாதிக் காரணம் பக்கத்து ஆள் ஸ்கேன் செய்துகொண்ட கியூஆர் கோடுதான்.

சோதனையில் போனைத் திறந்து காட்டு என்றால்? சும்மா பார்ப்பது வேறு, கைப்பற்றுவது வேறு. கைப்பற்றினால் பி.என்.எஸ்.எஸ். 105ஆவது பிரிவின்படி வீடியோ பதிவு எடுக்க வேண்டும். மகஜரில் ஐ.எம்.இ.ஐ. இரண்டும், சிம் எண், மெமரி கார்டு, போன் ஆன் நிலையிலா ஆஃப் நிலையிலா என்பது எல்லாம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதை நகல் எடுத்தால் ஹாஷ் மதிப்பு, அதாவது உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண், குறிக்க வேண்டும். அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) சான்றிதழில் வரும். இல்லையென்றால் நடுவில் யாரோ எதையோ சேர்த்தார்களா என்று நிரூபிக்க வழியில்லை. பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. விரலைப் பிடித்து அழுத்திவிடலாம், மனதில் இருக்கும் ஆறு இலக்கத்தை அப்படி எடுக்க முடியாது. போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால், முதல் தடவை எண் போடும்வரை கைரேகை வேலை செய்யாது.

2008இல் மும்பைக்கு வந்தவர்கள் கடல் வழியேதான் வந்தார்கள். கடலோரத்தைக் கண்காணிக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகும், சி.டி.ஆரும் டவர் டம்ப்பும் சாதாரணக் கடிதத்தில் போய்வருவது சரியில்லை. கேட்கும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். டம்ப் என்றால் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். சந்தேகத்தில் இல்லாத எண்களை 90 நாளில் அழித்து, அழித்ததைப் பதிவு செய்யட்டும். மாவட்டவாரியாக ஆண்டுக்கு எத்தனை சி.டி.ஆர்., எத்தனை டம்ப் என்ற எண்ணிக்கையை மட்டுமாவது வெளியிடட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

வழக்கில் சிக்கியவர்களுக்கு ஒன்று. குற்றப்பத்திரிகையோடு பி.என்.எஸ்.எஸ். 230இன்படி வரும் நகலில் சி.டி.ஆர். இருந்தால், டவர் பட்டியல், முகம் திரும்பியிருக்கும் டிகிரி, 63(4) சான்றிதழ் மூன்றையும் கேட்டு மனு போடுங்கள். உங்களுக்குச் சாதகமான பதிவு கம்பெனியிடம் இருக்கிறதென்றால் அதைப் பாதுகாக்கச் சொல்லும் மனுவை உடனே போடுங்கள். 2 ஆண்டு ஓடிவிட்டால் கம்பெனியிடம் இல்லை என்ற பதில்தான் வரும். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, இந்தியக் கம்பெனியைத் தேர்ந்துகொள்ளுங்கள். திரும்பும்போது மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாம்பன் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இப்படிக்கு,
செல்போன் டவர் பராமரிப்பிலும் நீதிமன்ற வேலையிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
இராமேஸ்வரம்.