படுத்துக்கிடந்த வண்டியை எழுப்பியவர்களுக்கு

மாடி வீட்டு அண்ணனுக்கும், நைட் ட்யூட்டி வாட்ச்மேன் ஐயாவுக்கும், புதுப்பேட்டைக் கடைப் பெரியவருக்கும்,

வணக்கம். வண்டி நேராக நிற்கிறது. இன்றோடு பன்னிரண்டு நாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பதினொரு வயசு எஸ்யூவி. முன்னால் சாதாரண ஸ்பிரிங். பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் இரண்டு ரப்பர் காற்றுப் பை, அதற்குக் காற்றடிக்க ஒரு குட்டி கம்ப்ரஸர், உயரத்தைப் பார்த்துச் சொல்ல சென்சார். ஒரு மாதமாகக் காலையில் போய்ப் பார்த்தால், குட்டையில் இறங்கிய எருமை மாதிரி பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் உறுமும். சில நாள் எழும்பும், சில நாள் மஞ்சள் விளக்கைக் காட்டிவிட்டு ஓயும். ஒரு ஒர்க்‌ஷாப்பில், "கம்ப்ரஸர் போச்சு சார், 90,000 ஆகும்" என்றார்கள். வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாட்ச்மேன் ஐயா, அன்று நீங்கள் சொன்ன ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "சார், ராத்திரி ரெண்டு மணி வாக்குல உங்க வண்டி பெருமூச்சு விடுது." நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஆம்னி பஸ்ஸுக்கு பெல்லோஸ், அதாவது இதே மாதிரி காற்றுப் பை, மாற்றியே இருபது வருஷம் ஓட்டியவர் அவர். "லீக்னா விடாம கசியும்டா. பெருமூச்சுன்னா வண்டியே காத்தை இறக்குதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் கசிஞ்சு இறங்கினா, கோணலா நிக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் நல்லா இருக்கிற பக்கத்தையும் இறக்குது."

கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்தையும் இறக்காமல் இருக்க, அன்று இரவு சஸ்பென்ஷன் ஃப்யூஸைப் பிடுங்கச் சொன்னார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதினோம். காலை ஆறு மணிக்கு வலது பக்கம் அப்படியே இருந்தது. இடது பக்கம் 60 மில்லிமீட்டர் கீழே. ஒரு மாதக் குழப்பம் அந்தச் சாக்பீஸ் கணக்கில் தீர்ந்தது.

ஆனால் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. பித்தளை நட், பைப், பையின் தலை, எங்கும் இல்லை. நான் விட்டிருப்பேன். "இறங்கிக் கிடக்கிறப்போ மடிப்பு மூடிக்கிட்டு இருக்கும், வெடிப்பு எப்படித் தெரியும்? ஃப்யூஸைப் போட்டு முழுசா ஏத்து" என்றார் அண்ணன். ஏற்றினோம். ரப்பரின் கீழ் மடிப்பில், உள்ளங்கை ரேகை மாதிரி மெல்லிய கோடுகள். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்த தண்ணீரை என் மகள் பீச்சியடிக்க, மீன் முட்டை மாதிரி நுரை கொத்துக் கொத்தாகக் கிளம்பியது. அதை இன்னும் கிட்டே பார்க்கத் தலையை உள்ளே நீட்டியவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தீர்களே அண்ணே! "காத்தை நம்பி அடியில தலையைக் குடுக்காதே." ஜாக்கி ஸ்டாண்டும் பஸ் ஷெட்டின் மரக்கட்டைகளும் வந்த பிறகுதான் என்னைக் கிட்டே விட்டீர்கள். ஜாக்கி போடுவதற்கு முன்னால், வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்யும் லெவலிங்கை ஆஃப் செய்ய வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பெரியவரே, பழைய கம்ப்ரஸர் ஒன்று எடுத்துவைக்கச் சொன்னேன். கல்லாவில் விழ வேண்டிய காசை நீங்களே தள்ளிவிட்டீர்கள். "பையை மாத்தாம இதைப் போட்டா மூணே மாசத்துல இதையும் எரிச்சிட்டு வருவ தம்பி." ஓட்டைப் பைக்கு ஓயாமல் காற்றடித்துத்தான் என் கம்ப்ரஸர் களைத்திருந்தது, சாகவில்லை. இரண்டு பைகளும் ஒரே வயசு என்பதால் ஜோடியாக மாற்றினோம், 22,000 ரூபாய். கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான, ஒட்டிக்கொண்டிருந்த ரிலேவையும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் ஈரமாகிப்போன சிலிக்கா மணிகளையும் சேர்த்தே மாற்றியாயிற்று.

காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிடு என்று ஆபீஸில் இரண்டு பேர் சொன்னார்கள். தப்பில்லை, 1957-இல் காற்றுப் பையோடு வந்த கேடிலாக் எல்டொராடோ புரோகம் என்ற அமெரிக்கக் காரையே வாங்கியவர்கள் பலர் பின்னாளில் காயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் வேகத்தடையில் பின்சீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலிக்காத ஒரே வண்டி இது.

ஐயா, நேற்று ராத்திரியும் காது கொடுத்துக் கேட்டதாகச் சொன்னீர்கள், சத்தமே இல்லையாமே. அண்ணே, உங்கள் மரக்கட்டை ரெண்டும் இன்னும் என் டிக்கியில்தான் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு மேலே கொண்டுவருகிறேன்.